ஊர் விட்டுப் போகாத மரங்கள்

பாறசாலையில் பெரியம்மா வீட்டு விளை முப்பது சென்ட் இருக்கும். களியக்காவிளை எல்லை அங்கிருந்து நடந்து போகிற தூரம். போன சித்திரையில் ஒரு பகல் முழுக்க அங்கே இருந்தபோது, விளையில் நிற்கிற செடி கொடி மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதினேன். தென்னை, வாழை, மரச்சீனி, ரப்பர், கொல்லாமாவு, கைதச்சக்கை, பப்பாளி, கொய்யா, காந்தாரி மிளகாய், சீமைச்சக்கை, பலா, பலாவில் ஏறிய நல்லமிளகுக் கொடி.

“எல்லாம் நம்ம மண்ணுக்குள்ளதுதானே மக்களே” என்றார் பெரியம்மா.

தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் சொந்த ஊரை எழுதத் தொடங்கினேன். மரச்சீனி, ரப்பர், கொல்லாமாவு, கைதச்சக்கை நான்குக்கும் தென்னமெரிக்கா. பப்பாளி, கொய்யா, காந்தாரி ஆகியவையும் கொலம்பஸ் போன பிறகு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். சீமைச்சக்கை பசிபிக் தீவுகளின் மரம். வாழையின் காட்டு மூதாதைகள் தென்கிழக்கு ஆசியாவிலும் நியூகினியிலும் இருக்கின்றன. தென்னை கடலில் மிதந்தும் கப்பலேறியும் கரை கரையாக வந்தது. பக்கத்திலேயே பிறந்தவை என்று மிஞ்சியவை பலாவும் நல்லமிளகும்தான். அவை மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளைகள். மரச்சீனி இல்லாத தென் திருவிதாங்கூரை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. அதைக் குடிகளிடையே ஊக்கமாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஒரு செடி சொந்தச் செடி ஆகிவிட நூற்றைம்பது ஆண்டு போதும்.

இதே விளையிலிருந்து, மழை பெய்து ஓய்ந்த காலையில், வடகிழக்கே நீலமாக அகத்தியமலை தெரியும். உயரம் 1868 மீட்டர். நெய்யாறு அந்த மலைச்சரிவுகளில் பிறந்து, அணையைக் கடந்து, நெய்யாற்றின்கரை வழியாக 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறு பொழிமுகத்தில் கடலில் சேர்கிறது. பொழியிலிருந்து மலையுச்சிக்கு நேர்க்கோடு போட்டால் 40 கிலோமீட்டர்கூட வராது. அந்த மலைத்தொகுதி முழுவதையும் சேர்த்து 2016-இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் ஏற்றியது. அங்கே 2,254 வகை உயர் தாவரங்கள் இருப்பதாகவும் அவற்றில் 400 அளவுக்கு ஓரிடவாழ்விகள் என்றும் அந்தப் பதிவு சொல்கிறது.

எனக்குப் புதிராகப் பட்டது இதுதான். பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் உலகம் சுற்றி வந்த செடிகள் நிற்கின்றன. அதன் தலைமாட்டில், எங்குமே போகாத செடிகள் நிற்கின்றன. பிரேசிலில் இருந்து மரச்சீனி கடல் தாண்டிப் பாறசாலைக்கு வந்துவிட்டது. மலைமேல் நிற்கிற ஒரு பனை நாற்பது கிலோமீட்டர் இறங்கி வரவில்லை. ஏன்?

முதலில் அந்தச் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஓர் உயிரினம் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் மட்டும் இயற்கையாக வாழ்ந்து, உலகில் வேறெங்கும் இல்லாமல் இருந்தால் அதை எண்டெமிக் என்பார்கள். தமிழில் அகணியம் என்றும் ஓரிடவாழ்வி என்றும் எழுதுகிறோம். கேட்டவுடன் பொருள் தெரிகிறது என்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன். ‘ஓரிடம்’ என்பது எவ்வளவு பெரிய இடம் என்ற கேள்வியை மட்டும் கூடவே கேட்க வேண்டும். ஒருவரின் விலாசத்தில் மாநிலம், தாலுகா, ஊர், வீட்டு எண் இருப்பதுபோல இதற்கும் அடுக்கு உண்டு. பாலோட்டில் உள்ள ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட பட்டியலின்படி மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பூக்கும் தாவர இனங்கள், பயிரிடப்படுபவையும் சேர்த்து, 7,402. அவற்றில் 1,273 இனங்களுக்கு இந்த மலைத்தொடரைத் தவிர வேறு விலாசம் இல்லை. அந்த 1,273-க்குள்ளும் சில, அகத்தியமலைத் தாலுகாவைத் தாண்டாதவை. அவற்றிலும் சில, ஒரே சரிவின் வீட்டு எண்ணோடு நிற்பவை.

அரிதாக இருப்பதும் ஓரிடத்தில் மட்டும் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து ஓடைகளின் ஓரம் எங்கு பார்த்தாலும் புதர் புதராக நிற்கிற ஈற்றை, மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் சுவரும் கூரையும் வேய்கிற அந்த நாணல் மூங்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிடவாழ்வி. ஆனால் அது அரிதே அல்ல. மறுபக்கம், நிறம்பல்லி என்கிற மரம். தென்னிந்தியக் காட்டில் தானாக வளர்கிற ஒரே ஊசியிலை மரக்குடும்பத்துப் பிறவி; இலை மட்டும் ஊசியாக இல்லாமல் அகலமாக இருக்கும். இங்கே அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அது வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருப்பதால் ஓரிடவாழ்விப் பட்டியலில் சேராது.

இப்போது விதைக்கு வருவோம். செடி நகராது; நகர்வதெல்லாம் விதைதான். ஒரு தாவரம் எவ்வளவு தூரம் போகும் என்பது அதன் விதையில் எழுதியிருக்கிறது. பயணம் போகிற பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான் விதை: உள்ளே கருச்செடி, கூடவே முதல் சில நாளைக்கான உணவு, மேலே ஒரு பொதி. ஈந்தும் நிறம்பல்லியும் போன்ற பழைய வம்சங்கள் அந்தப் பொதியைக் கனிக்குள் மூடிவைப்பதில்லை. அவற்றை வித்துமூடாத் தாவரங்கள் என்கிறோம். பூக்கும் தாவரங்கள் கனிக்குள் மூடிவைக்கின்றன. இரண்டையும் சேர்த்து விதைத் தாவரங்கள்.

கட்டுச்சோறு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. பெரியம்மா வீட்டு அடுக்களை மூலையில் இதற்கான விடை கிடந்தது. சக்கைக்குருவைச் செம்மண் குழம்பில் புரட்டி, ஒவ்வொன்றின் மேலும் மண் ஒட்டியிருக்க, ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்து நகத்தால் மண்ணைச் சுரண்டினேன். உள்ளே தோல் ஈரமாக, வழுவழுப்பாக இருந்தது. கர்க்கடக மாதத்துப் பஞ்சத்துக்காக அந்தக் காலத்தில் செய்துவந்த வேலை இது. மண் பூசாமல் வெயிலில் போட்ட குருவோ சில நாளிலேயே சுருங்கிப் போகிறது. பிறகு அதை நட்டால் முளைப்பதில்லை. நெல்லும் உளுந்தும் அப்படியா? காய்ந்தால்தான் அவற்றுக்கு ஆயுள்; குதிருக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தாவரவியலார் விதைகளை இந்த ஒரு குணத்தை வைத்தே பிரிக்கிறார்கள். நெல்லைப் போன்றவை உலர்தாங்கும் விதைகள். பலாவைப் போன்றவை உலர்தாங்கா விதைகள். ஈரமான காடுகளின் பெருமரங்களில் பலவும் இரண்டாவது வகை.

நெய்யாற்றின் மேல்காடுகளில் வளர்கிற பயின் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலிலும் மாதா கோயிலிலும் புகைக்கிற வெள்ளைக் குந்திரிக்கம் இந்த மரத்தின் பிசின். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வெளியே இல்லை. இதன் காய் கனமானது, சிறகு இல்லாதது; இடவப்பாதி மழை இறங்குகிற நேரத்தில் உதிர்ந்து தாய்மரத்தின் காலடியிலேயே விழுகிறது. மழை தவறாமல் பெய்தால் உடனே முளைக்கும். பெய்யாவிட்டால், காய்ந்துபோன சக்கைக்குருவின் கதிதான். காத்திருக்கத் தெரியாத விதை அது.

ஆகவே இப்படிப்பட்ட மரத்துக்கு, ஆண்டில் எவ்வளவு மழை என்பதைவிட, மழையில்லாத மாதங்கள் எத்தனை என்பதே பெரிய கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுகிலும் மழை கொட்டுகிறது. ஆனால் வடக்கே மகாராஷ்டிரப் பக்கம் அது நான்கைந்து மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஏழெட்டு மாதம் வறண்டு கிடக்கும். தெற்கே வரவர வறண்ட மாதங்கள் குறைகின்றன. இந்தக் கோடியில் இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. வறட்சி இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. கூடவே உயரமும் உதவிக்கு வருகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை வெப்பம் குறையும். பூவாற்றில் வியர்க்கிற நாளில் அகத்தியமலை உச்சியில் பத்துப் பதினொரு பாகை குறைவாக இருக்கும். ஒரு பகல் நடையில் கடற்கரை வெயிலிலிருந்து மேகக்காட்டுக் குளிர் வரை எல்லாத் தட்பவெப்பமும் அடுக்கி வைத்ததுபோல் இருப்பதால், ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கென்று குடிகள் வந்து சேர்ந்துவிட்டன.

இவை இங்கே வாழ முடிவதற்கான காரணங்கள். இங்கே மட்டும் இருப்பதற்கு வேறு காரணமும் வேண்டும். அதைச் சொல்ல எங்கள் எல்லை ஊர்ப் பேச்சையே எடுத்துக்கொள்கிறேன். களியக்காவிளைப் பக்கம் ஒருவர் ‘அவன் பறைஞ்சான்’ என்றால், ‘சொன்னான்’ என்று பொருள். சென்னைக்காரருக்கு இது மலையாளமாகக் கேட்கும். ஆனால் பறைதல் பழந்தமிழிலேயே இருந்த சொல். மற்ற ஊர்களில் வழக்கொழிந்துபோய் இந்தக் கோடியில் தங்கிவிட்டது. இது ஒரு வகை. இன்னொரு வகை, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் போன வருடம் உண்டாக்கிக்கொண்ட சொல். அதுவும் அந்த ஊரில் மட்டும்தான் கேட்கும், இன்னும் வெளியே பரவவில்லை என்பதால். இரண்டு சொற்களும் ஓரிடத்தில் மட்டும் இருக்கின்றன. ஒன்று, எங்கும் இருந்து சுருங்கியது. மற்றது, இப்போதுதான் பிறந்தது. முதல் வகைத் தாவரத்தைத் தொல்லோரிடவாழ்வி என்றும், இரண்டாவதைப் புத்தோரிடவாழ்வி என்றும் சொல்லலாம்.

சுருங்கியதற்குச் சாட்சி குஜராத்தில் கிடைத்தது. சூரத்துக்கு அருகே வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அம்பர் கட்டிகள் வந்தன. அம்பர் என்பது மரப்பிசின் கல்லானது. வயது ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டு. உள்ளே சிக்கிய பூச்சிகள் அப்படியே இருந்தன. 2010-இல் வெளியான ஆய்வில் அந்தப் பிசினின் வேதிப் பொருள்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பயின் மரத்தின் குடும்பமான டிப்டெரோகார்ப்பின் அடையாளம் அதில் இருந்தது. இன்று முட்செடி வளர்கிற அந்த நாட்டில், இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு முட்டத் தொடங்கிய காலத்தில், ஈரம் சொட்டும் காடு நின்றிருக்கிறது. பிறகு நாடு வறண்டது. வடக்கிலும் நடுவிலும் காடு அழிய, மழை தவறாத தென்மூலையில் மட்டும் அந்தக் காட்டின் பிள்ளைகள் தங்கின. ஞாயிற்றுக்கிழமை பூசையில் குந்திரிக்கம் புகையும்போது நாம் முகர்வது அந்தப் பழைய காட்டின் வாசனைக்கு நெருங்கிய உறவு என்று நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

உறவுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாலும் இந்தச் சுருக்கம் தெரியும். ஆரியங்காவுப் பக்கமும் அதற்குத் தெற்கேயும் வளர்கிற செங்குறிஞ்சி, மா, கொல்லாமா குடும்பத்து மரம். செந்துருணிச் சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்தது. அதன் பேரினத்தில் மற்ற இனங்கள் தென்கிழக்கு ஆசியாவிலும், ஒன்று மடகாஸ்கரிலும் இருக்கின்றன. மலைமேல் நிற்கிற ஒரு பனை என்று முன்னே சொன்னேனே, அந்த வரைக்கமுகு, தாவரவியலில் பென்டிங்கியா கொண்டபன்னா. அந்தப் பெயரின் பின்பாதியில் நம் ‘பனை’ ஒளிந்திருக்கிறது. உலகில் இதற்குக் கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று. அது நிக்கோபார் தீவில்.

இந்த வரைக்கமுகைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கைக்குள் அடங்குகிற மெலிந்த தண்டு, வளையம் வளையமாக இலை உதிர்ந்த தழும்பு, பாக்குமரம்போல் பச்சைக் கழுத்து. மண்ணே இல்லை என்று தோன்றுகிற செங்குத்துப் பாறையின் விளிம்பில், வேரைப் பாறைப் பிளவுக்குள் ஊன்றி, வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஏன் அங்கே போய் நிற்கிறது? யானைக்கு இதன் குருத்து மிகப் பிடித்தம். கால் வைக்கக்கூடிய இடத்தில் முளைத்தால் யானை விடாது. அதனால் இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் யானை எட்டாத வரைகளில் தப்பியவை. பெயரிலேயே ‘வரை’ இருக்கிறது.

சரி, எது பழையது, எது புதியது என்று யார் சொல்வது? மரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையே. இங்கேதான் மரபணு உதவுகிறது. ஓலைச்சுவடி காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலை இருவர் பார்த்தெழுதி, ஒருவர் மதுரைக்கும் மற்றவர் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கும்போது இங்கே ஓர் எழுத்து பிழையாகும், அங்கே வேறோர் எழுத்து பிழையாகும். பல தலைமுறைக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாடபேதங்களை எண்ணினால், அவை எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்று கணிக்கலாம். டிஎன்ஏ-வும் படியெடுக்கப்படுகிற சுவடிதான். பேதங்கள் அதிகம் என்றால் பிரிவு பழையது. வயது தெரிந்த தொல்லுயிர்ப் படிவங்களை வைத்து, ஒரு பேதம் சேர எத்தனை ஆண்டு ஆகிறது என்று அளவு பிடிக்கிறார்கள். இதற்கு மூலக்கூற்றுக் கடிகாரம் என்று பெயர்.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலையின் 470 மரவகைத் தாவரங்களின் உறவுமுறையை இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தென்பகுதியில் மிகப் பழைய வம்சங்களும் இருந்தன, மிக இளைய வம்சங்களும் இருந்தன. பழையதைக் காக்கிற அருங்காட்சியகமாகவும் புதியது பிறக்கிற தொட்டிலாகவும் இருக்கிறது என்பது அவர்களின் முடிவு. எங்கள் பேச்சில் பறைதலும் இருக்கிறது, பள்ளிப்பிள்ளைகளின் சொல்லும் இருக்கிறது என்றேனே, அதேதான்.

புதியது பிறக்கத் தனிமை வேண்டும். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் போகிற வழியில் மலைத்தொடர் சட்டென்று தாழ்ந்துவிடுகிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். நமக்கு அது வசதியான வழி. மேகக்குளிரில் மட்டும் வாழத் தெரிந்த செடிக்கோ தண்ணீர் இல்லாத கடல். கணவாய்க்குத் தெற்கே உள்ள அகத்தியமலை, சுற்றிலும் சூடான தாழ்நிலம் சூழ்ந்த தீவாகிறது. இப்படிப்பட்ட மலையுச்சிகளை வான்தீவுகள் என்று சொல்வது பொருத்தம். சோலைக்காட்டுப் பறவைகளின் மரபணுவைப் பார்த்தவர்களும் பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் வம்சங்கள் பிரிந்திருப்பதைக் கண்டார்கள். பறக்கத் தெரிந்ததையே நிறுத்தி வைக்கிற இடைவெளி, கனமான விதையை நிறுத்தி வைப்பதில் வியப்பில்லை. புன்னைக்கு உறவான ஒரு மரம் இந்த மலைக்காட்டில் இருக்கிறது. மற்ற உறவுகளோடு சேர்க்க முடியாத அளவு வேறுபட்டது என்று கண்டு, 2007-இல் அதற்குத் தனிப் பேரினமே உண்டாக்கினார்கள். அந்தப் பேரினத்தின் பெயர் அகஸ்தியமலையா. அதில் உள்ள இனம் அந்த ஒன்றுதான்.

விதை கனம் என்பதால்தான் போகவில்லை என்று முடிவுகட்டவும் முடியாது. ஆர்க்கிட் விதை தூசியைவிட லேசு. காற்று எங்கும் கொண்டுபோகும். ஆனால் அதில் கட்டுச்சோறே கிடையாது. விழுந்த இடத்தில் தகுந்த பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். அகத்தியமலைத் தொகுதியில் மட்டும் உள்ள ஒரு செருப்பு ஆர்க்கிட், மஞ்சள் இதழின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடுகிற அழகான பூ. 1865-இல் ஹீபர் ட்ரூரி என்ற படை அதிகாரி கண்டெடுத்ததால் ட்ரூரி பெயரைச் சுமக்கிறது. தென்னிந்தியாவில் இந்தப் பேரினத்தின் ஒரே பிரதிநிதி. சொந்தக்காரர்கள் எல்லாம் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். அழிந்தது என்று எண்ணியிருந்த காலத்துக்குப் பிறகு 1972-இல் மறுபடி கண்டார்கள். அந்தச் செய்தியே அதற்கு எமனாயிற்று. சேகரிப்போர் மலையேறி வேரோடு பிடுங்கிப் போனார்கள். இன்று அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

‘உலகில் வேறெங்கும் இல்லை’ என்பது பெரிய வார்த்தை. இருப்பதைக் காட்டலாம், இல்லாததை எப்படிக் காட்டுவது? இதற்குத்தான் ஹெர்பேரியம் என்கிற உலர்தாவரகம். காகிதத்தில் அழுத்திக் காயவைத்த ஒரு கிளை, பக்கத்தில் சீட்டு: எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், எடுத்தவர் யார். பச்சை பழுப்பாகியிருக்கும், இலையின் நரம்பு மட்டும் அப்படியே இருக்கும். ராபர்ட் வைட், பெடோம், திருவிதாங்கூர் வனத்துறையில் இருந்த போர்டில்லன் போன்றவர்கள் சேர்த்த தாள்கள் கோயம்புத்தூரிலும் லண்டன் கியூவிலும் இருக்கின்றன. நூற்றாண்டுகளாகப் பல நாட்டவர் சேர்த்த தாள்களை ஒப்பிட்டு, வேறெந்த மலையிலிருந்தும் அந்தச் செடியின் தாள் வராதபோதுதான் ஓரிடவாழ்வி என்று எழுதுகிறார்கள். நாளை வேறு மலையில் கண்டால் அந்தப் பட்டம் போய்விடும். தாவரவியலின் நேர்மை அதில் இருக்கிறது.

தாள்களுக்கு முந்திய அறிவும் உண்டு. 1987-இல் அறிவியலாளர்கள் காணிக்காரர்களோடு இந்தக் காட்டில் நடந்தபோது, வழிகாட்டிகள் களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு கேட்டார்கள். அவர்கள் மென்றுகொண்டிருந்தது ஆரோக்கியப்பச்சையின் காய். அந்த இனம் இலங்கையிலும் மலேயாவிலும் உண்டு. இந்த மலையில் உள்ளது அதன் தனித் துணையினம். அதிலிருந்து உண்டாக்கிய ஜீவனி மருந்துக்கான உரிமத் தொகையிலும் உரிமைப் பங்கிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கினார்கள். 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. செடியின் விலாசம் தெரிந்தவர்களுக்குச் செடியில் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்ட, உலகமே கவனித்த நிகழ்வு அது.

பழைய தாள்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நான் தொடக்கத்தில் கேட்ட கேள்வியில் ஒரு குறை இருப்பது தெரிந்தது. ஓரிடவாழ்விகள் மலையில் மட்டும் இருப்பது ஏன் என்று கேட்டேன். தாழ்நிலத்திலும் அவை இருந்தன. ராபர்ட் வைட் 1835-இல் எடுத்த ஓர் இலுப்பை இனம் அப்படிப்பட்டது. அதற்குப் பிறகு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைக் காணவில்லை, அழிந்ததாகவே எண்ணினார்கள். பாலோட்டு அறிவியலாளர்கள் கொல்லம் மாவட்டம் பரவூரில், கடலுக்கு அருகே, ஒரு கோயில் காவில் அதை மறுபடி கண்டார்கள். 2020-இல் செய்தி வந்தது. வளர்ந்த மரம் ஒன்றே ஒன்று. திருவிதாங்கூர் நாவல் என்று சொல்லத்தக்க இன்னொரு மரமும் தாழ்நிலச் சதுப்புகளுக்கு உரியது. சதுப்பெல்லாம் வயலாகிவிட, இன்று அதுவும் காவுகளிலும் எஞ்சிய சில சதுப்புகளிலும்தான் நிற்கிறது.

ஆக, ஓரிடவாழ்விகளின் வரைபடத்தை மழையும் கணவாயும் விதையும் மட்டும் வரையவில்லை. கோடாரி எட்டாத இடம் எது என்பதும் சேர்ந்து வரைந்திருக்கிறது. பாறசாலை, செங்கல், காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை என்று இன்று ரப்பரும் மரச்சீனியும் நிற்கிற மேடுகளில் முன்பு என்னென்ன நின்றன என்பதற்குத் தாள்கூட இல்லாமல் போன இனங்கள் இருந்திருக்கலாம். வரைக்கமுகு யானைக்குத் தப்பிப் பாறையில் நிற்பதுபோல, தாழ்நிலத்து மரங்கள் நமக்குத் தப்பிச் சாஸ்தா காவிலும் நாகர் காவிலும் நிற்கின்றன.

1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு இந்த ஊர்களின் நடுவே விழுந்தது. மலையில் அதே கோடு உச்சிக்காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. மேற்குச் சரிவின் நீர் நெய்யாற்றுக்கும் கரமனையாற்றுக்கும், கிழக்குச் சரிவின் நீர் தாமிரபரணிக்கும். இருபுறமும் நிற்பது ஒரே குடும்பத்து மரங்கள்.

உங்கள் ஊர்க் காவிலோ ஆற்றுப் படுகையிலோ, வயதானவர்களும் பெயர் சொல்லத் தெரியாத மரம் ஒன்று நின்றால், வெட்டுவதற்கு முன் அது பூக்கும்வரை பொறுங்கள். இலையும் பூவும் சேர்ந்த ஒரு சிறு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவிடுங்கள். பூவின் நிறம் காய்ந்தால் மாறிவிடும், அதனால் பறித்தவுடன் எழுதிவையுங்கள். இடம், தேதி, மரத்தின் உயரம் மூன்றையும் கூடவே குறியுங்கள். அதைப் பாலோட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரம்–செங்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது.